மாப்பிள்ளைமார் ஓட்டத்தில் நான் கால் மாற்றியது

குதிரையைப் பற்றிப் பேசுகிறவனுக்கும் குதிரைக்கும் உள்ள ஒரே ஒற்றுமை, இருவர் வாயிலும் நுரை தள்ளும் என்பதுதான். இது எனக்குப் புரிய ஒரு திராட்சைத் தோட்டம் தேவைப்பட்டது.

கம்பம் பக்கம் குதிரை வண்டிப் பந்தயம் நடந்தால் ஜீப்பில் நின்றுகொண்டு மைக்கில் வர்ணனை சொல்கிறவன் நான். ஓடைப்பட்டியில் பெண் எடுத்தேன். மாமனாருக்கு என் பிழைப்பு பிடிக்கவில்லை. கல்யாணமாகி மாதக்கணக்காகியும் 'மாப்பிள்ளை' என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. "மைக்கு வந்திருக்காகளா?" என்றுதான் என் மனைவி ஸ்டெல்லாவிடம் விசாரிப்பார். (மரியாதைக்கு மட்டும் குறைவில்லை.)

அந்த வருடம் மாதா கோயில் திருவிழாவில் ஊர் மாப்பிள்ளைமாருக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். ஜெயித்துவிட்டால் மனுஷன் மாப்பிள்ளை என்று கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? பெயர் கொடுத்துவிட்டேன்.

"பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டீகளே," என்றாள் ஸ்டெல்லா.

"ஓட்டத்துக்கு ஒரு முறை இருக்கு. குதிரை எடுத்த எடுப்புல எட்டி வைக்காது. சின்னச் சின்ன அடியா வெரசா வைக்கும். வேகம் ஏறுனதும் அடிய நீட்டும். வளைவுல கால மாத்தும். இடப்பக்கம் திரும்புனா இடது முன்னங்கால் முந்தும்."

"அதுக்கு நாலு காலு இருக்குங்க."

(இந்த இடத்திலாவது நான் யோசித்திருக்கலாம்.)

விசில் ஊதியதும் சின்ன அடிகளாக வைத்தேன். சுடுமணலில் கோழி நடந்தது போல இருந்ததாம். மற்ற மாப்பிள்ளைமார் பாதி மைதானம் போய்விட்டார்கள். நான் கவலைப்படாமல் அடியை நீட்டினேன். உண்மையிலேயே வேகம் பிடித்தது. ஒருவரை முந்தினேன், அப்புறம் இன்னொருவரை. எல்லைக் கோட்டருகே நின்ற மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வளைவு வந்தது. காலை மாற்றினேன்.

எது முந்துவது என்று என் இரண்டு கால்களுக்கும் தகராறு வந்துவிட்டது. ஓடுபாதை இடப்பக்கம் திரும்ப, நான் நேராகப் போனேன். நேரே இருந்தது மாமனாரின் திராட்சைப் பந்தல். மறுநாள் வெட்ட வேண்டிய பழம். நிற்பதற்காக ஒரு தூணைக் கட்டிப்பிடித்தேன். தூண் சாய்ந்தது, கம்பி தொய்ந்தது, கொத்துகளோடு பந்தல் என் தலைமேல் இறங்கியது.

மாமனார் ஓடி வந்து குனிந்து பார்த்தார்.

"அடிகிடி பட்டுருச்சா?"

"லேசாத்தான் மாமா."

"நான் பழத்தக் கேட்டேன்."

அன்றோடு என்னை மைக்கு என்று சொல்வதை அவர் விட்டுவிட்டார். ஓடியதற்குப் பலன் இல்லாமல் இல்லை. நேற்றுகூட ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு, அக்கறையாகத்தான் கேட்டார்:

"குதிரை சாப்பிட்டாகளா?"