சாரைப்பாம்பின் நான்கு கால்கள்

ஒரு காட்டில் நான்கு மாதமாக மழை இல்லை. குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பட்டியல்படிதான் பங்கிட வேண்டும் என்று சிங்கம் உத்தரவு போட்டது. பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலை மரங்கொத்தி தணிகாசலத்துக்கு வந்தது.

தணிகாசலத்துக்கு ஆர் என்ற கணினி மொழி தெரியும். அதில் மூன்று குட்டி நிரல்கள் எழுதினார். ஒன்று, கட்டம் காலியாக இருந்தால் அந்த வரியையே நீக்கிவிடும். இன்னொன்று, ஒரே மாதிரியான வரிகளில் ஒன்றை மட்டும் விட்டுவைக்கும். மூன்றாவது, எண்கள் நம்பும்படி இருக்கின்றனவா என்று பார்க்கும்.

சாரைப்பாம்பு அம்புஜம் தன் இரண்டு குட்டிகளோடு குளத்துக்கு வந்தாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை.

"படிவத்துல கால்களின் எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு. நீங்க காலியா விட்டிருக்கீங்க," என்றார் தணிகாசலம்.

"எனக்குக் காலே இல்லைங்களே."

"அப்ப பூஜ்யம் போட்டிருக்கணும்."

அம்புஜம் வால் நுனியால் பூஜ்யம் போட்டாள். மூன்றாவது நிரல் அதையும் தள்ளியது.

"ரெண்டுக்குக் குறைஞ்சா தப்பான தகவல்னு எடுத்துக்கும்மா."

"எனக்காகக் கொஞ்சம் மாத்தி எழுதக் கூடாதா?"

"மாத்தினா மொதல்லேருந்து ஓட்டணும். சாயங்காலம் சிங்கத்துகிட்ட பட்டியலைக் கொடுக்கணும்."

பின்னால் நாலாயிரம் எறும்புகள் நின்றன. எல்லாருக்கும் ஒரே பெயர், ஒரே புற்று, ஆறு கால். பட்டியலில் ஒரே ஓர் எறும்புதான் மிஞ்சியிருந்தது.

"அந்த ஒண்ணு யாரு?" என்று கேட்டாள் அம்புஜம்.

"நாங்க எல்லாருமேதான்," என்றது முன்னால் நின்ற எறும்பு. "இதுவரைக்கும் எழுநூறு பேர் குடிச்சாச்சு."

அம்புஜம் குட்டிகளைப் பார்த்தாள். நாக்கை நீட்டக்கூட அவற்றுக்குத் தெம்பில்லை. பூஜ்யத்தை அழித்துவிட்டு நான்கு என்று எழுதினாள். பிழை எதுவும் இல்லை என்றது நிரல். குட்டிகள் வயிறு நிறையக் குடித்தன.

அடுத்த வாரம் சிங்கம் அனுப்பிய கரடி அம்புஜத்தின் வீட்டில் நேரடி ஆய்வு செய்ய வந்தது. அம்புஜத்தைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தது. பிறகு பட்டியலைப் பார்த்தது.

"நாலு கால்னு போட்டிருக்கே. எங்கம்மா?"

"வெளியே போயிருக்குங்க," என்றாள்.

சரிபார்த்த பட்டியல் பொய் சொல்லாது என்பதில் கரடிக்குச் சந்தேகமே இல்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது: 'கால்கள் நான்கு. ஆய்வின்போது வீட்டில் இல்லை.'

நீதி: படிவம் நிரப்பும்போது குனிந்து சொந்த உடம்பைப் பார்க்கக் கூடாது.