ஒரு சுழி கூடிய கடிதம்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். மேசைக்குப் பின்னால், சுழல் நாற்காலியில் சட்டமன்ற உறுப்பினர். தொகுதியே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும். அவருக்கு வலப்பக்கம், கோப்பு அடுக்குகளுக்கு நடுவே தலை மட்டும் தெரிய, எழுத்தர். கதவோரம் ஸ்டூலில், கூட்டங்களுக்கு நிழல் போடும் பந்தல்காரர். ஜன்னலோர பெஞ்சில் தையற்காரம்மா.

தையற்காரம்மா வந்தது ஒரே ஒரு கேள்வியோடு. சந்தை முனை பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை வேண்டும் என்று மனுக் கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் அங்கே வெயிலில் நின்று தானே மயங்கி விழுந்து, அன்றிலிருந்து வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடக்கிறார்.

"இந்த வாரமும் வேலைக்கு வரலேன்னா கம்பெனியில என் மிஷினை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம்க்கா."

அக்கா எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் அன்று காலைத் தபாலில் துறையிலிருந்து வந்த கடிதத்தைப் பெருமையோடு எடுத்து வாசித்தார். "தாங்கள் கோரியவாறே ஆவணம் செய்து முடிக்கப்பட்டது."

"முடிச்சாச்சா? பின்ன ஏன் யாரும் சொல்லல? நாளைக்குப் பதினோரு மணிக்குத் திறந்து வைப்போம். திங்கக்கிழமை சபையில இதைத்தான் முதல்ல சொல்லப் போறேன்."

தையற்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பந்தல்காரர் ரிப்பன் தன் பொறுப்பு என்றார். எழுத்தர் உட்கார்ந்த இடத்திலேயே இருபது அழைப்பிதழ் எழுதி முடித்தார்.

சாயங்காலம், எந்தப் பக்கம் ரிப்பன் கட்டுவது என்று பார்க்க எழுத்தர் சந்தை முனைக்குப் போனார். அங்கே ஒரு கம்பம் இருந்தது. கம்பத்தின் நிழலில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறொன்றும் இல்லை.

துறை அலுவலகத்துக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். "ஆவணம் பண்ணச் சொல்லி எழுதியிருந்தீங்க. பண்ணிட்டோம். ரெண்டாவது பீரோ, மூணாவது தட்டு. தூசி கூடப் படாம வெச்சிருக்கோம்."

போனை வைத்த எழுத்தர் அலுவலகத்துக்கு ஓடி அகராதியைப் பிரித்தார். 'ஆவன' என்றால் ஆக வேண்டியவை. அதற்கு இரண்டு சுழி ன. 'ஆவணம்' என்றால் பத்திரம், பதிவு. அதற்கு மூன்று சுழி ண. 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று ஊர் உலகமெல்லாம் எழுதும் வரியில், ஒரு சுழி சேர்த்ததோடு விடாமல், கடைசியில் ஒரு 'ம்' குறைகிறதே என்று அதையும் தன் கையால் சேர்த்துத் திருத்தியவர் அவர்தான். பள்ளிக்கூடத்தில் எழுத்துப்பிழைக்கு அடியே வாங்காதவர் என்ற பெயர் வேறு.

நகல் கட்டை அவிழ்த்தார். நான்கு வருஷம், நானூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு, பள்ளிக்கூடச் சுவர், எல்லாவற்றையும் பத்திரமாகப் பீரோவில் வைக்கும்படி அக்காவின் கையெழுத்தோடு பணிவன்புடன் கேட்டிருந்தார்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நாளை அக்கா நாய்க்கு முன்னால் ரிப்பன் வெட்ட வேண்டும். எழுத்தர் பந்தல்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஒரு சின்ன சாமியானா. நாலு கால் போதும். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

பந்தல்காரருக்குச் சின்னதாகச் செய்து பழக்கமில்லை. வியாழக்கிழமை காலை எழுத்தர் போய்ப் பார்த்தபோது நிறுத்தத்தில் பதினாறு கால் பந்தலும் ஐம்பது நாற்காலியும் இருந்தன. ஏதோ பொதுக்கூட்டம் என்று நினைத்த பஸ் டிரைவர்கள் ஒதுங்கிப் போய் அடுத்த முனையில் நிறுத்தினார்கள். அதுவரை சும்மா நின்று வெயில் காய்ந்த ஜனம், இப்போது பஸ்ஸைப் பிடிக்க வெயிலில் ஓடியது.

சரி, பஸ்ஸை இங்கே வரவழைப்போம் என்று எழுத்தர் 'அனைவரும் வருக' பலகையைத் தேடி எடுத்துப் பந்தல் வாசலில் நட்டார். பஸ் வரவில்லை. அக்கா மனு வாங்குகிறார் என்று தெருத் தெருவாகச் செய்தி பரவி, அரை மணியில் ஐம்பது நாற்காலியும் நிறைந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம். எழுத்தரின் பழைய கடிதங்கள் என்னவாயின என்று கேட்க வந்தவர்களே அதில் பாதி.

பதினோரு மணிக்கு அக்கா வந்து இறங்கினார். பின்னாலேயே துறை அலுவலகத்துத் தபால்காரர் சைக்கிளில் வந்து ஒரு நோட்டீஸை நீட்டினார். துறையின் இடத்தில் அனுமதியின்றிப் போட்ட பந்தலை உடனே பிரித்து, விளக்கமும் தர வேண்டுமாம். நிழற்குடைக்கு ஆறு மாதம் எடுத்துக்கொண்ட துறை, நிழலை எடுக்க மூன்று மணி நேரம்தான் எடுத்துக்கொண்டது.

அக்கா நோட்டீஸையும் பந்தலையும் கடைசியில் எழுத்தரையும் பார்த்தார். "எங்கண்ணே நிழற்குடை?"

"பீரோவுல இருக்கு."

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? சுழியில் தொடங்கி 'ம்' வரைக்கும் எல்லாவற்றையும் ஒப்புவித்தார். வேலையை விட்டுவிடுகிறேன் என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்குவதைக் கண்டு அழுகிறார் என்று பயந்தார் எழுத்தர். அக்கா நிமிர்ந்தபோது சிரிப்பில் மூச்சு முட்டிப்போயிருந்தது.

"வேலையை விட்டுட்டா அந்த நானூத்திப் பன்னெண்டை யார் திருப்பி எழுதுவா? உக்காருங்க. முதல் கடிதம் இப்பவே. நிழற்குடை வர்ற வரைக்கும் இந்தப் பந்தல் இங்கதான் நிக்கும், நோட்டீஸுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்னு சேர்த்து எழுதுங்க."

பந்தல்காரர் தலையாட்டினார். முன் வரிசையில், நல்ல நிழலில் உட்கார்ந்திருந்த தையற்காரம்மா, தெரு முனையில் கை காட்டி அடுத்த பஸ்ஸை இங்கேயே நிறுத்தச் சொல்லும்படி இரண்டு பேரை அனுப்பிவிட்டு, எழுத்தருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு சுழி போடுங்க. ம்... அவ்வளவுதான். நிறுத்துங்க, அந்த 'ம்' வேண்டாம்."

'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' எழுத்தர் அந்த வரியை மூன்று முறை வாசித்தார். அக்கா கையெழுத்துப் போட்டார். எழுத்தர் கடிதத்தை மடித்து உறையில் இட்டு, பசை தடவி ஒட்டி, மேலே முத்திரை குத்தி, தபால்காரரிடம் இரண்டு கையாலும் கொடுத்தார். இத்தனை வருஷமாகத் தன் ஒரு எழுத்தால் தொகுதியே கெட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

தபால்காரர் உறையைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார்.

"நீங்க ஏன் சார் வருத்தப்படறீங்க? யாரு என்ன எழுதினாலும் நாங்க பீரோவுலதான் வைக்கிறோம். கேட்டது கேட்டபடி நடந்தது உங்க ஒருத்தருக்குத்தான்."