முகம் பார்க்கும் ரசிகர்

சினிமா ரசிகர்களில் படம் பார்க்கிறவர்கள் ஒரு ரகம். படம் பார்க்கிறவர்களைப் பார்க்கிறவர்கள் இன்னொரு ரகம். இரண்டாவது ரகத்தாரைத்தான் உங்களுக்கு அறிமுகம் செய்யப் போகிறேன். ஊரே கொண்டாடும் படம் இவர்களுக்கு ஆகாது. நாலு பேர் சேர்ந்து, சொந்தக்காரர்கள் முகத்தில் மாவு பூசி, பீட்ரூட் சாற்றை ரத்தமாக ஊற்றி, இயக்குநரின் வீட்டு ஹாலிலேயே எடுத்து முடித்த ஜாம்பி காமெடியாக இருக்க வேண்டும். தியேட்டரில் இரண்டு நாள்கூட ஓடியிருக்கக் கூடாது. அப்படி ஒன்று அகப்பட்டால் போதும், வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, தம் நாற்காலியை மட்டும் டிவிக்குப் பக்கத்தில், உங்களைப் பார்த்தபடி போட்டுக்கொள்வார்கள்.

"இப்ப பாருங்க... இப்ப வரும்..."

என்ன வரும்? நாற்பத்தோராவது நிமிடத்தில் ஒரு பிணம் கையை நீட்டும். அந்தக் கையில் வாட்ச் இருக்கும். நீங்கள் சிரிக்க வேண்டும். முன்னாலும் கூடாது, பின்னாலும் கூடாது.

எங்கள் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் இதில் முதல் தரம். 'திங்கட்கிழமைப் பிணங்கள்' படத்தை இருபத்து மூன்று முறை போட்டிருக்கிறார். அந்தப் படத்துக்கு இவரைப் போல இன்னும் நாற்பது பேர் உண்டாம். வருடத்துக்கு ஒருமுறை மாவு பூசிக்கொண்டு கூடுகிறார்கள். படம் எல்லோருக்கும் பிடித்துப்போய்விடுமோ என்பதுதான் அவர்களுடைய ஒரே கவலை. வாட்சுக்குச் சிரிக்காத மைத்துனரோடு டாக்டருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. நான் சிரித்தேன். அப்போது என் கடைவாய்ப் பல் வேலை பாதியில் நின்றிருந்தது.

சென்ற மாதம் அவர் மகள், தான் கட்டிக்கொள்ள விரும்பும் பையனை வீட்டுக்கு அழைத்து வந்தாள். என்ன வேலை, எந்தக் குடும்பம் என்று ஒரு கேள்வி இல்லை. டாக்டர் ரிமோட்டை எடுத்தார். சாட்சிக்கு நான்.

"அப்பா, இன்னிக்கு வேண்டாம்ப்பா."

"ஒண்ணரை மணி நேரம்தாம்மா. கல்யாணம்னா ஆயுசு முழுக்க."

மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள் போலும். பதற்றத்தில் பையன் ஒரு நிமிடம் முன்னாலேயே சிரித்துத் தொலைத்தான். "சொல்லிக் குடுத்திருக்கு" என்றார் டாக்டர் என்னிடம், மெதுவாக. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது.

வாட்ச் வந்தது, போனது. பத்து நிமிடம் கழித்துப் பையன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"இங்க என்ன இருக்கு சிரிக்க?"

"குடும்பத்தையே கடிக்க வருது அங்கிள்... கதவை உடைச்சிட்டு வருது... செருப்பை மட்டும் வெளியில கழட்டி வச்சிருக்கு! அதுவும் ஜோடி சேர்த்து!"

இருபத்து மூன்று முறையில் டாக்டர் அதைப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்? தனியாகப் பார்த்த முதல் தடவைக்குப் பிறகு அவர் திரைப்பக்கம் திரும்பவே இல்லையே.

"எனக்குப் போட்டுக் காட்டின மொதல் நாளே நான் அதுக்குத்தான் சிரிச்சேன்" என்றார் டாக்டரின் மனைவி. "தப்பான இடத்துல சிரிச்சேன்னு மூணு நாள் பேசல நீங்க."

டாக்டர் எழுந்தார். நாற்காலியைத் தூக்கிப் பையனுக்குப் பக்கத்தில், திரையைப் பார்த்தபடி போட்டார்.

"மொதல்லேருந்து போடுங்க, மாப்பிள்ளை."

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். நல்லது. இந்தக் கட்டுரையை வீட்டில் யாரிடமாவது நீட்டிவிட்டு, "செருப்பு வந்துடுச்சா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல் உங்களால் இருக்க முடியுமா? நான் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னும் சிரிக்கவில்லை.