149 என்றால் சோப்பு

பார்த்தவுடன் பெயர் சொல்லிகள் என்று ஓர் இனம் உண்டு. ஓசூர் மருந்துக் கம்பெனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் அந்த இனத்தின் அசல் பிரதி ஒருவர் இருக்கிறார், நாராயணப்பன். தமிழில் "தெரியும்" என்பார், கன்னடத்தில் "கொத்து" என்பார், தெலுங்கில் "தெலுசு" என்பார். தெரியாது என்று எந்த மொழியிலும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மத்திகிரியில் பஸ்ஸின் மூக்கு தெரிந்ததுமே "தளி வண்டி" என்று ஏறி, கர்நாடகத்து ஆனேக்கல்லில் இறங்கியவர். டிரைவருக்கு வழி தெரியவில்லை என்பது அவர் கட்சி.

இவரிடம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற மிஷின் கிடைத்தால் விடுவாரா? பெயர் தெரியாத பொருளை அந்த மிஷின் சுக்குநூறாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு, எடைக்கு ஒரு கோடாகப் படம் வரையும். துண்டுகளை வைத்து முழுப் பொருள் எதுவென்று நிதானமாகக் கண்டுபிடிக்க வேண்டும். நிதானமா, அவரிடமா?

போன வாரம் ஒரு பேட்ச் மருந்தில் வேண்டாத பொருள் ஒன்று தலைகாட்டியது. 149 என்ற எடையில் நெட்டையாக ஒரு கோடு. கம்ப்யூட்டர் தன் பட்டியலைக் காட்டும் முன்பே, "சோப்பு. ரியாக்டர சரியா கழுவல" என்றுவிட்டார். மருந்து தயாராகும் அந்தக் கலனைக் கழுவியவர் மாதேஸ்வரி, கல்லாவிக்காரர், ஒப்பந்தத் தொழிலாளி. சோப்பு என்று ரிப்போர்ட் போனால் மறுநாள் அவருக்கு வேலை இல்லை.

"மூணுவாட்டி கழுவனேன் சார். மணிமேகலை மேடம் செய்வாங்களே, மருந்து போடாம வெறும் சால்வென்ட்ட மட்டும் ஓட்டுவாங்க. அப்படி ஒருவாட்டி ஓட்டிப் பாருங்க."

மிஷினைப் பார்த்துக்கொள்ளும் மணிமேகலை, மருந்தைக் கரைக்கும் திரவமான சால்வென்ட்டை மட்டும் மிஷினில் ஓட்டினார். உள்ளே மருந்தே இல்லை. அதே 149, அதே நெட்டை.

"பாத்தியாம்மா, சால்வென்ட்லயும் சோப்ப கலந்து வெச்சிருக்கா," என்றார் நாராயணப்பன்.

மணிமேகலை சால்வென்ட் கேனில் தொங்கிய மெத்தென்ற பிளாஸ்டிக் குழாயை உருவி மேஜைமேல் வைத்தார். பிளாஸ்டிக்கை வளையவைக்கச் சேர்க்கும் சரக்கு கரைந்து வந்தால் விழும் கோடுதான் 149. கண்ணாடிக் குழாயைத் தினமும் கழுவ வேண்டியிருக்கிறதே என்று, ஹார்ட்வேர் கடையில் அதை வாங்கிவந்து செருகியவர் நம்மவர்தான்.

"நான் அப்பவே பிளாஸ்டிக்னுதான் நெனச்சேன்," என்றார். மாதேஸ்வரி மறுநாளும் வேலைக்கு வந்தார்.

சரி, வாசகரே. முதல் பத்தி முடியும் முன்பே, "இது எங்க ஆபீஸ்ல இருக்காரே, அவர்தான்" என்று நீங்கள் ஒரு பெயரைச் சொல்லிவிட்டீர்களா இல்லையா? எதற்கும் அந்த ஆளைச் சேர்க்காமல், உங்கள் வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒருமுறை வெறுமனே ஓட்டிப் பாருங்கள். அதே கோடு விழப்போகிறது.