ரெட்டைக்குப்பி கொடுத்த மூன்றாவது குப்பி

உலகத்தில் எந்தப் பொருளையும் ஒற்றையாக நம்பாத ஒரே மனிதர் சங்கரன்கோவிலில், என் வீட்டுக்கு எதிர் மாடியில்தான் குடியிருந்தார். கல்லூரி ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தனிக்கட்டை. ஊர் வைத்த பெயர் ரெட்டைக்குப்பி.

ஒருநாள் டீக்கடைக்காரர், "இஞ்சி டீ குடிங்க அண்ணாச்சி, மூணு நாள்ல சளி ஓடிரும்" என்றார்.

"இஞ்சி போடாத டீ குடிச்சவனுக்கு எத்தனை நாள்ல ஓடுச்சு வே?"

"அதை யாரு பார்த்தா?"

"பார்க்காம எப்படிச் சொல்லுதீரு?"

அன்றுமுதல் அந்தக் கடையில் அவருக்கு டீ கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

அவருடைய கீழ்வீட்டு அக்கா, அரிசியில் வண்டு தானாகப் பிறக்கிறது என்றார். மறுநாளே ஒரே மூட்டையிலிருந்து எடுத்த அரிசி இரண்டு குப்பிகளில் ஏறியது. ஒன்றை மட்டும் லேசாக வறுத்து, அதிலிருந்த வண்டு முட்டைகளைச் சாகடித்திருந்தார். இரண்டு மாதத்தில் வறுக்காததில் முப்பத்தெட்டு வண்டுகள். வறுத்ததில் ஒன்றுமில்லை.

"வறுத்த அரிசி வண்டுக்குப் பிடிக்காம இருக்கும்லா?" என்றார் அக்கா.

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல கேள்வி தாயி!" என்று வறுத்த அரிசியிலும் நாலு வண்டுகளை விட்டார். அவை பெரிய குடும்பமே நடத்தின.

அந்த வண்டுகளை எண்ணியது நான். என் மனைவி இறந்து ஆறு வருடம். தினமும் நான் பேசும் சொற்களை எண்ணிக்கொள்வேன். பல நாட்கள் பதினொன்றைத் தாண்டாது. எதிர் மாடியிலிருந்து, "எண்ணத் தெரியுமா வே உமக்கு?" என்று குரல் வந்த அன்று நானூற்றைத் தாண்டியது.

அவருடைய பெரிய சந்தேகம் முதல் உயிரைப் பற்றியது. "வண்டு முட்டையிலேருந்து வந்துச்சு, சரி. முதல் உயிரு? நம்ம ஊர்க் குளம் மாதிரி நனைஞ்சு காய்ஞ்சு, நனைஞ்சு காய்ஞ்சு, ஏதோ சகதியிலே ஆரம்பிச்சிருக்கும்னு சொல்லுதாங்க."

ஒரே களிமண், ஒரே உப்பு, ஒரே மழைத்தண்ணீர். இரண்டு குப்பிகளையும் குக்கரில் வேகவைத்து இறுக மூடினார். இரண்டுக்கும் ஒரே வெயில். ஒன்றைத் தினமும் சாய்த்து வைத்து நிமிர்த்துவார். அதில் ஒரு பக்கத்து மண் காய்ந்து காய்ந்து நனையும். மற்றது சாயாமல் நிற்கும்.

"ஒண்ணே ஒண்ணுதான் மாறணும் வே. இல்லேன்னா எது செஞ்ச வேலைன்னு எப்படித் தெரியும்?"

"உயிர் வந்திருமா?"

"வராது. பூமிக்குக் கோடிக்கணக்கான வருஷம் இருந்துச்சு. எனக்கு எழுபது முடிஞ்சாச்சு. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசம் தெரிஞ்சாப் போதும்."

நூற்றுப் பன்னிரண்டாம் நாள் கண் ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலி போனார். பத்து நாட்களுக்குக் குப்பிகள் என் பொறுப்பு. சாயாத குப்பியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. தீர்த்துக்கொள்ள, திறந்து பார்த்து இறுக மூடினேன். மூடியதும் மறுபடி சந்தேகம்.

திரும்பி வந்தவர் கறுப்புக் கண்ணாடியோடு குனிந்து பார்த்தார். சாயாத குப்பியில் தண்ணீர் கலங்கி, மேலே வெள்ளையாக ஆடை படிந்திருந்தது.

"காத்து புகுந்து கிருமி வளர்ந்துட்டு. நான் மூடினது சரியில்ல." விரல்களை விரித்துப் பார்த்தார். "கை நடுங்குது வே. இனிமே இது என்னால ஆகாது. குப்பியைக் கழுவி அக்காகிட்டக் கொடுத்திருவோம்."

சொன்னால் என்னோடு பேசமாட்டார். சொல்லாவிட்டால், தன் கையைக் குறைசொல்லிக்கொண்டே சும்மா உட்கார்ந்துவிடுவார். சொல்லிவிட்டேன்.

"நான்தான் திறந்தேன். மூடியிருக்கான்னு பார்க்க."

"எத்தனை தடவை?"

"பதினாலு."

கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்ததென்று தெரியவில்லை. "உமக்குக் கிறுக்கா வே? மூடியிருக்கான்னு எவனாவது திறந்து பார்ப்பானா?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பில், கீழ்வீட்டு அக்கா பயந்துபோய்ப் படியேறி வந்துவிட்டார்.

மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை மூன்று குப்பிகள். மூன்றாவதில் என் பெயர் எழுதி ஒட்டியிருந்தது.

"இது உம்மது. சந்தேகம் வரும்போதெல்லாம் இதைத் திறந்து மூடும். காத்து உள்ள போனா என்ன ஆகுதுன்னு நமக்கும் தெரியணும்லா? தினமும் வந்து எத்தனை தடவைன்னு சொல்லணும், என்ன?"

சென்ற மார்கழியில் அவர் இறந்துபோனார். மற்ற இரண்டையும் வீட்டைக் காலிசெய்ய வந்தவர்கள் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். என்னுடையது என் ஜன்னலில் இருக்கிறது. சந்தேகம் இப்போதும் தினமும் வருகிறது. திறந்தால் போய்ச் சொல்ல ஆளில்லை. அதனால் மூடியைத் தொடுவதில்லை.