மலைக்கு ஒரு பல், சமவெளிக்கு ஒரு பல்

மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் காய்கறி லாரி ஒன்று கண்ணாடிக்காரரை முந்திக்கொண்டு போயிற்று. முந்தியதுகூடப் பரவாயில்லை. மூட்டைகளின்மேல் படுத்திருந்த ஆள் எழுந்து உட்கார்ந்து, "தள்ளி விடணுமா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

கண்ணாடிக்காரர் ஜன்னலை ஏற்றிவிட்டுக்கொண்டார். கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருக்கு மானம் மரியாதை உண்டு. காரும் லேசுப்பட்டதல்ல. வெளியே பார்த்தால் பழசு. உள்ளே பந்தயத்துக்குப் போக வேண்டிய எஞ்சின் உட்கார்ந்திருந்தது. நெடுஞ்சாலையில் அம்பாகப் பாயும். ஏற்றம் வந்தால் மட்டும் இரண்டாவது கியரில் திணறும், முதல் கியரில் அலறும்.

மலைமேல் இருந்த ஆஸ்பத்திரியில் அவர் மனைவி நர்ஸ்; அவள் தங்கல் அங்கேயே, இவர் கடையும் வீடும் கீழே சமவெளியில். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை முடிந்தால் சாயங்காலம் மறுபடி வேலை. இடைப்பட்ட பொழுதுதான் இருவருக்கும் குடித்தனம். அதில் பாதியை மலை தின்றுவிட்டது.

"எஞ்சின்மேல குத்தமே இல்ல சார்," என்றான் மறுநாள் மெக்கானிக். தலையில் ஒரு முடிகூட இல்லாததால் அவனுக்குச் சீப்பு என்று பெயர். "பின் ஆக்சில்ல இருக்கிற கிரவுன் பல்லுதான் பிரச்சினை. இப்ப தண்டு மூணு சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து. ஓட்டத்துக்கு நல்லது, ஏத்தத்துக்கு ஆகாது. நாலரை போட்டுடுவோம். ஆடு மாதிரி ஏறும்."

"மூணு நல்லதா, நாலரை நல்லதா?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

நாள் முழுக்க வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, 'இது தெளிவா, அது தெளிவா?' என்று பிறரைக் கேட்பவர் அவர். நாற்காலியின் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எவ்வளவு திண்டாட்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் மனைவிக்குப் போன் போட்டார். 'வீடு வெறிச்சோடிக் கிடக்கு' என்று சொல்லத்தான் போட்டார்.

"நாலரை போடறேன்," என்றார்.

"நாலரையா! போட்டா என்ன ஆகும்?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பிரியமாக நாலு வார்த்தை பேசச் சொன்னால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பல்சக்கரம் என்றால் தண்ணீர்கூடக் குடிக்காமல் பேசுவார். அவளும் 'ம்' கொட்டிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு கார் மலையில் ஆடு மாதிரிதான் ஏறியது. ஆனால் அதற்கு முந்தைய நெடுஞ்சாலை முழுவதும் எஞ்சின் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இரைந்தது. பெட்ரோலும் பாதி வழியில் தீர்ந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே பங்க் வரைக்கும் போனார். அவளுடைய குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்தபோது காதில் 'ஙொய்' என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

சாப்பாடு போடும்போது அவள் குனிந்து மெதுவாக ஏதோ சொன்னாள்.

"ஒயரைத் தேடறியா? எந்த ஒயரை?" என்று கத்தினார் அவர்.

அவள் சிரித்துவிட்டாள். "ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க," என்று சைகை காட்டினாள்.

ஊருக்குத் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் திறக்கும்போதுதான் காது அடைப்பு விட்டது. உடனே அந்த வாக்கியமும் துலங்கியது. அவள் ஒயரைத் தேடவில்லை. 'மனசு உங்களைத் தேடுது' என்றிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொன்னதில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். பதிலைக் கேட்க வேண்டிய ஆள் மலைமேல் இருந்தது.

"சீப்பு, காது போச்சுப்பா!"

"அப்ப நடுவுல ஒண்ணு. மூணே முக்கால். மலையும் மசியும், ரோடும் மசியும்."

மசிந்தது. எஞ்சின் பூனை மாதிரி முனகிக்கொண்டு ஓடியது. கண்ணாடிக்காரர் சீட்டியடித்தபடி போனார், போலீஸ்காரர் கைகாட்டும்வரை.

"என்ன வேகத்துல வந்தீங்க?"

"எண்பது சார். மீட்டரைப் பாருங்க."

"எங்க மிஷின் தொண்ணூத்தாறுங்குதே?"

நாலரைக்காகத் திருத்தி வைத்த வேகமானியைச் சீப்பு மூணே முக்காலுக்கு மாற்ற மறந்திருந்தான். அதை விளக்க, கண்ணாடிக்காரர் போலீஸ்காரருக்குக் கிரவுன் பல் பாடம் நடத்தினார். பாடம் முடிந்தபோது கேட்டவர் முகம் இன்னும் கடுகடுப்பாகியிருந்தது.

"அப்படி எங்க அவசரம்?"

"பொண்டாட்டியைப் பாக்க."

"சாவுன்னு சொல்வாங்க, பிரசவம்னு சொல்வாங்க. இந்தப் பொய்யை இதுவரைக்கும் எவனும் சொன்னதில்ல. அப்படி ஓரமா உக்காருங்க."

மலைமேல் போய்ச் சேர்ந்தபோது அவள் சாயங்கால வேலைக்குச் சீருடை போட்டு ஆஸ்பத்திரி வாசல்படியில் நின்றிருந்தாள்.

'நானும் உன்னைத் தேடறேன்' என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தார். வாய் திறந்தது. "மூணே முக்கால்," என்றார்.

"நல்லா ஏறிச்சா?"

"ரொம்ப நல்லா. ஆனா மீட்டர்தான்..."

அவர் மீட்டர் கதையைச் சொல்லி முடிக்கும்வரை அவள் அவருடைய சட்டைக் காலரை நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. பிறகு மணி அடித்தது. உள்ளே போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

அந்த வாரம் சீப்பு மீட்டரையும் திருத்தினான். ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலையில் சத்தமில்லை, பெட்ரோல் தீரவில்லை, போலீஸ் மறிக்கவில்லை. வளைவுகளில் காய்கறி லாரிகளை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு கார் ஏறியது. அவள் காலை வேலை முடிந்து வெளியே வருவதற்கு முன்பே கண்ணாடிக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். சாயங்காலம் வரைக்கும் முழுப் பொழுதும் கையில் இருந்தது. இன்றைக்குச் சொல்லியே தீருவது என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். காரைப் பற்றி ஒரு வார்த்தை வரக் கூடாது.

வாயிற்காவலாளி எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுதானா சார் அந்தக் கார்? சிஸ்டர் வாயைத் திறந்தா இதைப் பத்தித்தான் பேச்சு. வேலையெல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. இனிமே கைவைக்கவே வேண்டாம். எப்படி வந்துச்சு தெரியுமா? பஞ்சு மாதிரி!"

"அப்பாடா! சிஸ்டர் மனசு இப்பத்தான் ஆறும். போன மாசம் உங்க ஊருக்கே மாத்தல் வந்துச்சே, 'நான் அங்க போயிட்டா பாவம், அவரு அந்தக் காரை எங்க ஓட்டுவாரு'ன்னு அழுதுகிட்டே வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார்!"