மணவறையில் ஒரு வெடிப்பு

கேட்டதை ஒருநாளும் கொடுக்காமலே தொழில் நடத்தி, அதற்கும் ஆள் குறையாமல் பார்த்துக்கொண்டவர் கனடாவிலேயே இத்தாலி அண்ணை ஒருவர்தான். ஸ்காபரோவில் மணவறை போடுபவர். அரண்மனை கேட்டால் இத்தாலி வரும். அன்னப்பறவை கேட்டால் அதுவும் இத்தாலியில் நீந்தும். கனடா வரும் வழியில் ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கைவிட்டதால், இத்தாலியில் மலைமேல் ஒரு குட்டிக் கிராமத்தில் சில வருடங்கள் இருந்தவராம். பெயரைச் சொன்னால் இத்தாலிக்காரருக்கே தெரியாத கிராமம்.

என் மகளின் கலியாணத்துக்குக் கோயில் கோபுரம் கேட்டேன்.

"கோபுரம்தானே தம்பி? யோசியாதையும்."

காலையில் மண்டபத்துக்குப் போனால், மேடையில் றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் வெட்டிய பழைய தேவாலய மணிக்கூண்டு! கீழே கல் வைத்துக் கட்டியது போன்ற ஊர்வாசல் வளைவு. கூண்டின் உச்சியிலிருந்து அடிவரை ஒரு வெடிப்பு.

"அண்ணை, கொண்டு வரேக்கை உடைஞ்சு போச்சோ?"

"உடையேல்லை. நான் இருந்த ஊரிலை அந்தக் காலத்து நிலநடுக்கத்திலை வெடிச்சது. அது இல்லாமல் செய்தால் சரித்திரம் பிழையாய்ப் போயிடும்."

மில்லிக்கனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மேடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"உதென்ன, வெடிச்ச கோபுரம்? அபசகுனம்! உதை மூடினால்தான் என்ரை பிள்ளை மணவறையிலை இருப்பான்."

என் மானம் கப்பலேறியது. முகூர்த்தமோ நெருங்குகிறது. பூச்சரங்களை அள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். அங்கே இத்தாலி அண்ணை மைக்கைப் பிடித்து, வளைவின் உச்சியில் உள்ள நடுக்கல் ஏன் பெரிது என்று சபைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஐயர்கூட ஓமத்தை விட்டுவிட்டு வாய் பார்த்தார். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"அண்ணை, உங்கட காலிலை விழுறன். உந்த வெடிப்பை மூடுவம்."

"நீர் மூடும் தம்பி," என்றார், மைக்கை அணைக்காமலே. "போன இடமெல்லாம் என்னைத் துரத்திக் கலைச்சவங்கள். அந்த ஊர்ச் சனம்தான் உந்தக் கூண்டுக்கை படுக்க விட்டது. மாரியிலை அந்த வெடிப்பாலைதான் துளி வெயில் உள்ளுக்கை வரும். உம்மட பிள்ளையின்ரை வீட்டுக்கும் வரட்டும் எண்டுதான் வைச்சனான்."

மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்.

"சரி சரி, நேரம் போகுது. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

என் வெட்கம் மட்டும் போகவில்லை. பூச்சரங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் தாலி கட்டும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு, சாப்பாட்டுப் பெட்டியோடு பின்கதவால் நழுவப் பார்த்த இத்தாலி அண்ணையை இழுத்துவந்து, மாப்பிள்ளை வீட்டார் மேசையில் எனக்குப் பக்கத்தில் இருத்தினேன். பிந்தி வந்த ஒருவர், "உங்களுக்குச் சொந்தமோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். "எங்கட அண்ணை."